உலை வைக்கும் ஊர்

தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தை அடுத்து உணவைத்தான் வைக்கிறது. விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சிறுபாணாற்றுப்படையின் பாணன் மன்னன் நல்லியக்கோடனைத் தேடி ஓய்மான் நாட்டுக்குள் நடக்கிறான். கடலோர எயிற்பட்டினத்தில் அவனுக்குச் சுட்ட மீன் கிடைக்கிறது. வேலூரில் புளி சேர்ந்த சோறும் ஆமான் இறைச்சியும். வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டும். நடந்து கடக்கக்கூடிய தூரத்துக்குள் மூன்று ஊர், மூன்று விதமான சாப்பாடு. ஒருவர் என்ன தின்கிறார் என்பது அவர் நிற்கும் மண்ணைப் பொறுத்தது என்று அந்தப் புலவர் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். காலையில் கேழ்வரகோ ஓட்ஸோ, மதியம் ஒரு கப் சோறும் இரண்டு கப் காயும், மாலையில் சுண்டல், இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, தினமும் நாற்பத்தைந்து நிமிட நடை. அந்தத் தாளில் நோயாளியின் பெயர், வயது, எடை, உயரம், வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாம் குறித்திருக்கும். எங்கே குடியிருக்கிறார் என்பது மட்டும் இருக்காது. இருந்தாலும் அது கடிதம் போடுவதற்கான முகவரியாகத்தான் இருக்கும். வீட்டுக்கும் காய்கறிக் கடைக்கும் எவ்வளவு தூரம், வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம், இருட்டிய பிறகு அந்தத் தெருவில் ஒரு பெண்ணால் நடக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. உணவை மனவுறுதியின் விஷயமாக்கிவிட்டோம். கட்டுப்பாடு இருந்தால் சர்க்கரை குறையும், இல்லாவிட்டால் அது அவரவர் குற்றம். இந்தப் பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. மனிதர்களின் இரத்தத்தில் ஓடுவதில் பெரும்பங்கு அவர்கள் குடியிருக்கும் இடத்தால் எழுதப்படுகிறது என்றே நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவர். இப்போது நகரின் தென்கோடியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறாவது மாடியில் இருக்கிறார். வேலை பார்க்கும் வீடுகள் மாறவில்லை, பழைய இடத்திலேயே இருக்கின்றன. விடியுமுன் எழுந்து ரேஷன் அரிசியை வடித்து மூடி வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார். காலைச் சாப்பாடு என்பது வேலை செய்யும் வீட்டில் கிடைக்கும் டீயும் இரண்டு பிஸ்கெட்டும். இரவு வீடு திரும்பியதும் காலையில் வடித்த அதே சோறு. தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டபோது மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று சொன்னார்:

“அங்க இருந்தப்ப, பாத்திரம் தேய்ச்சிட்டு மத்தியானம் வரும்போது மார்க்கெட்டாண்ட நிப்பேன் தம்பி. கட மூடுற நேரத்துல நெத்திலி, காரப்பொடி எல்லாம் கூறு கட்டி வச்சிருப்பாங்க. கையில இருக்கறதக் குடுத்தா அள்ளிப் போடுவாங்க. இங்க வந்து சேர்றதுக்குள்ளயே ராவாயிடுது. எந்தக் கடையத் தேடுறது? புள்ளைங்க கீழ போயி அஞ்சு ரூபா பாக்கெட்டு வாங்கிக்குதுங்க. எனக்கு ஒரு ஊறுகா போதும்.”

கீழே இருக்கும் கடையை நான் பார்த்தேன். வாசலை மறைத்துச் சரம் சரமாகத் தொங்குகின்றன சிப்ஸும் குர்குரேவும் கேக்கும். உள்ளே முட்டை, எண்ணெய் பாக்கெட், ரவை, மைதா, உருளைக்கிழங்கு, வெங்காயம். வாடிய தக்காளி கொஞ்சம். கடைக்காரரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கீரை அன்றைக்கே விற்காவிட்டால் அவருக்கு நட்டம். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் மாதக்கணக்கில் கெடாது. ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் இடத்தில் எந்த வியாபாரியும் கெடாத சரக்கைத்தான் வாங்கி வைப்பார்.

கூவம் கரையைப் பொன்னுலகமாக்க நான் விரும்பவில்லை. வெள்ளம் வந்தால் பாயும் பானையும் போய்விடும். கொசு, சாக்கடை, தீவிபத்து. கழிப்பறைக்கு வரிசை. கான்கிரீட் கூரைக்காக அந்த அக்கா இன்றும் நன்றி சொல்கிறார். ஆனால் அந்தக் குடிசையின் பின்னால் ஒரு முருங்கை நின்றது. தெருமுனையில் கூழ் வண்டி வந்தது. மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம், மோர்மிளகாய். மீன் மார்க்கெட் நடக்கும் தூரத்தில் இருந்தது. வேலைக்கு நடந்தே போனார். மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிறுதானியம், கீரை, மீன், நடை நான்கும் அந்த ஏழ்மைக்குள்ளேயே யாரும் திட்டமிடாமல் அமைந்திருந்தன. ஆறாவது மாடிக்கு மாறியபோது அவற்றை யாரும் மூட்டை கட்டி ஏற்றவில்லை. ஏற்ற வேண்டிய சாமான் என்றே அவை கணக்கில் வரவில்லை.

2000-க்குப் பிறகு சென்னையின் ஏழைகள் பழைய மாமல்லபுரம் சாலை ஓரமாக நகர்த்தப்பட்ட கதை ஊரறிந்தது. கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம். நதிக்கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், பல்லாயிரம் குடும்பங்கள். வேலை போனது பற்றியும் பள்ளி மாறிய பிள்ளைகள் படிப்பை நிறுத்தியது பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். உடம்புக்கு என்ன ஆனது என்று பேசியது குறைவு.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒருமுறை முறையாகக் கேட்டுப் பார்த்தார்கள். 1994-க்கும் 1998-க்கும் இடையில் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், வறுமை மண்டிய அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாடகைச் சீட்டு கிடைத்தது. ஆனால் வறுமை 10 சதவீதத்துக்கும் குறைவான பகுதிக்குக் குடிபோனால்தான் அது செல்லும். சுமார் 4,500 பெண்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து இரத்தம் எடுத்து, எடை பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். சீட்டு பெற்ற குழுவில் கடும் பருமனும் சர்க்கரை நோயும் குறைவாக இருந்தன. சர்க்கரையைப் பொறுத்தவரை வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிகளுக்கு மேல். அந்தப் பெண்களுக்கு யாரும் உணவுப் பட்டியல் தரவில்லை. உடற்பயிற்சி சொல்லித் தரவில்லை, மாத்திரை தரவில்லை. வீடு மட்டும்தான் மாறியது. சீட்டு கிடைத்தவர்களில் பாதிப்பேர் அளவுக்குத்தான் உண்மையில் குடிபெயர்ந்தார்கள், அப்படியும் குழு முழுவதன் கணக்கில் வித்தியாசம் தெரிந்தது.

சென்னையில் நாம் நடத்திக்கொண்டிருப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே விரும்பியவர்களை வறுமை குறைந்த தெருக்களுக்கு அனுப்பினார்கள். இங்கே விருப்பம் கேட்காமல் எல்லோரும் ஏழைகளாக இருக்கும் ஓரிடத்தில் குவித்தோம். பலதரப்பட்டவர்கள் கலந்து வாழும் தெருவில் நல்ல காய்கறிக் கடை நடப்பதற்கு வசதியுள்ளவர்களின் வாடிக்கையும் ஒரு காரணம். அந்தக் கடையில் மாலையில் விலை குறையும்போது ஏழைக்கும் கிடைக்கும். ஏழைகள் மட்டுமே வாழும் இடத்தில் அந்தக் கடை தொடங்குவதே இல்லை.

அப்படியானால் ஒரு கடையைத் திறந்துவிட்டால் சரியாகுமா? ஃபிலடெல்ஃபியாவில் அதையும் செய்து பார்த்தார்கள். நல்ல மளிகைக் கடை இல்லாத ஒரு பகுதியில் அரசு உதவியோடு பெரிய சூப்பர்மார்க்கெட் வந்தது. காய்கறி கிடைப்பது எளிதாகிவிட்டது என்று மக்களே சொன்னார்கள். ஆனால் அவர்கள் தின்ற காய்கறி, பழத்தின் அளவு கூடவில்லை, எடையும் குறையவில்லை. 2014-இல் வெளிவந்த இந்த ஆய்வைச் சிலர் இடம் முக்கியமில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. இடம் என்பது கடை மட்டுமல்ல. ஆறாவது மாடி அக்காவுக்குக் கீழே ஒரு பழமுதிர்ச்சோலையே திறந்தாலும், இரவு ஒன்பது மணிக்குக் கீரை ஆய்ந்து கடைய அவருக்குத் தெம்பு எங்கே இருக்கிறது? பஸ்ஸில் கழியும் மூன்று மணி நேரம் சமையலிலிருந்தும் தூக்கத்திலிருந்தும்தான் கழிகிறது.

தூக்கம் குறைந்தால் இன்சுலினுக்கு உடம்பு கொடுக்கும் மரியாதை குறைகிறது. சில இரவுகள் சரியாகத் தூங்காவிட்டாலே இந்த மாற்றத்தை அளந்து பார்க்க முடிகிறது. சாப்பிட்டபின் சிறிது நடந்தால் தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. நடக்காமல் உடனே படுத்தால் அது இரத்தத்திலேயே தேங்குகிறது. தவிடு முழுக்க நீக்கிய அரிசி வேகமாகச் சர்க்கரையாகிறது, கூட ஒரு மீன் துண்டோ பருப்போ இருந்தால் அந்த வேகம் தணிகிறது. ஊறுகாய் மட்டும் இருந்தால் தணிக்க ஒன்றுமில்லை. இரவு பத்து மணிக்கு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு நாலரை மணிக்கு எழுவதற்காக உடனே சாய்கிற உடம்பில் இவை எல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. தெற்காசியர்களாகிய நமக்கு எடை அதிகம் ஏறாமலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. ஒல்லியாகத் தெரிகிறவரின் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். அந்த அக்காவும் ஒல்லிதான்.

‘பணக்காரர் வியாதி’ என்று இதை ஒரு காலத்தில் சொன்னார்கள். 1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கெடுத்தபோது நகரங்களில் 2.1 சதவீதம், கிராமங்களில் 1.5 சதவீதம்தான். அதே கழகத்தின் இந்தியா முழுவதற்குமான ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது நகரங்களில் 16.4, கிராமங்களில் 8.9. பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள். என்னை அதிகம் உலுக்கியது இதே வரிசையில் 2017-இல் வந்த 15 மாநில அறிக்கை. வளம் மிகுந்த மாநிலங்களின் நகரங்களில், வசதியானவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்றது அது. வசதியுள்ளவர்கள் நடைப்பயிற்சிப் பாதைக்கும் சிறுதானிய அங்காடிக்கும் பக்கத்தில் குடியேறிவிட்டார்கள். நோய் குடிசைப் பகுதிக்கு இறங்கிவிட்டது.

மரபணு என்று சொல்லி இதை முடித்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு அரிசோனா பாலைவனத்தில் ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா மக்களின் கதையைச் சொல்ல வேண்டும். தங்களை ஆற்று மக்கள் என்று அழைத்துக்கொள்ளும் அவர்கள் நூற்றாண்டுகளாகக் கால்வாய் வெட்டி விவசாயம் செய்தவர்கள். சோளம், பூசணி, வறட்சி தாங்கும் டெப்பாரிப் பயறு. மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்கினார்கள். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அந்த மரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்குப் போன கூட்டங்களுக்கே கோதுமை விற்கும் அளவுக்கு விளைச்சல் இருந்தது. பிறகு ஆற்றின் மேற்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் அதைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பினார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் கால்வாய்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. பசித்தவர்களுக்கு அரசு பின்னாட்களில் தந்தது மைதா, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை. அதைக் கொண்டு எண்ணெயில் பொரித்த ரொட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள், இன்று அதுவே அவர்களது மரபுணவு என்று பேர் வாங்கிவிட்டது. 1965-இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். 35 வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய். உலகில் அதுவரை எங்குமே அவ்வளவு பதிவானதில்லை.

பஞ்சத்தைத் தாங்குவதற்காக உருவான ‘சிக்கன மரபணு’ இருக்கலாம் என்று ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த கருத்துக்குப் பீமா மக்களே நீண்ட காலம் உதாரணமாகக் காட்டப்பட்டார்கள். ஆனால் அவர்களது உறவினர்கள் எல்லைக்குத் தெற்கே, மெக்ஸிகோவின் சோனோரா மலைகளில் மைக்கோபா என்ற ஊரைச் சுற்றி இருந்தார்கள். சோளமும் பயறும் உருளைக்கிழங்கும் விளைவித்து, உடம்பால் உழைத்து வாழ்ந்தவர்கள். 2006-இல் வெளியான ஒப்பீட்டில் அரிசோனா பீமாக்களிடம் சர்க்கரை நோய் 38 சதவீதம், மைக்கோபா பீமாக்களிடம் 6.9 சதவீதம். மைக்கோபாவிலேயே பீமா அல்லாதவர்களிடம் அது 2.6 என்பதால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மரபணுவின் தூரமல்ல. அது ஒரு ஆற்றைத் திருடியதன் தூரம். 2004-இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று ஹீலா நீரில் அவர்களுக்கிருந்த உரிமையை ஒப்புக்கொண்டு பெருமளவு தண்ணீரை ஒதுக்கியது. இப்போது அங்கே மறுபடியும் டெப்பாரிப் பயறு விதைக்கிறார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மருத்துவமனையில் தேடிய காரணம் வாய்க்காலில் இருந்தது என்பதை அந்தச் சட்டம் ஏறக்குறைய ஒப்புக்கொண்டது.

அந்த மைதா மூட்டையைப் பற்றிப் படிக்கும்போது நம்முடைய ரேஷன் அரிசி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. உடனே சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டின் பொது விநியோகத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எல்லோருக்கும் அரிசி, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல். பசியில் பிள்ளைகள் சுருண்டு படுத்த வீடுகளை அந்த அரிசிதான் நிமிர்த்தியது. மானிய விலையில் துவரம்பருப்பையும் சேர்த்துத் தரும் நல்லறிவு இந்த மாநிலத்துக்கு இருந்தது. அம்மா உணவகம் 2013-இல் வந்தபோது, ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் வேலைக்குப் போகும் வழியிலேயே கிடைத்தன. வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் சாப்பாட்டை வைத்ததுதான் அதன் சிறப்பு. ஆனால் 20 கிலோ அரிசி ஒரு வீட்டுக்குள் எதோடு சேர்கிறது என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மீன் மார்க்கெட் பக்கத்தில் அந்த அரிசி சோறும் மீன்குழம்புமாகிறது. ஆறாவது மாடியில் அது சோறு மட்டுமாகவே நின்றுவிடுகிறது. கேழ்வரகு விளையும் தருமபுரியிலும் நீலகிரியிலும் அரிசியில் ஒரு பங்குக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முயற்சி 2023-இல் தொடங்கியது. ஊரைப் பார்த்து உணவைத் தருவது என்ற அந்த எண்ணத்தைக் கூழ் குடித்து வளர்ந்த ஆற்றங்கரைக்காரர்கள் குடியேறிய கட்டடங்களுக்கும் கொண்டுவரலாம்.

இன்னும் செய்யக்கூடியது நிறைய. பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அடுக்குமாடிகளின் அடியில் பெண்கள் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து மீனும் காயும் விற்கிறார்கள். பெரும்பாலும் குடியிருப்பவர்களே. அவர்களை ஆக்கிரமிப்பு என்று விரட்டுவதற்குப் பதில், 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்கிறபடி இடம் குறித்துக் கொடுத்து, தண்ணீர்க் குழாயும் ஐஸ் வைக்க ஒரு மேடையும் கட்டிக் கொடுத்தால் போதும், மார்க்கெட் தானே வளரும். கட்டட வரைபடத்தில் லிஃப்டுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் இடம் குறிக்கிறோம். முருங்கை நடவும் கீரைக்காரி நிழலில் உட்காரவும் இடம் குறிப்பதில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரடி பஸ் இருந்தால் நாளில் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகும், எந்த மாத்திரையாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தர முடியாது. எல்லாவற்றுக்கும் முதலில், ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே, அவர்கள் வேலை செய்யும் தெருக்களுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டித் தர முடியுமா என்று பார்க்க வேண்டும். நிலம் விலை அதிகம் என்பார்கள். டயாலிசிஸும் காலை எடுக்கும் அறுவையும் என்ன விலை என்று அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துவருகிறார்கள். அந்த அக்காவின் கதவையும் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பதிவில் இரண்டு கேள்விகள் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: இங்கே வருவதற்கு முன் எந்தத் தெருவில் இருந்தீர்கள், எந்த ஆண்டு வந்தீர்கள். அடுத்த முறை எந்தக் கரையைக் காலி செய்யச் சொன்னாலும், லாரி ஏற்றுவதற்கு முன்பே ஒருமுறையும் ஐந்து ஆண்டுகள் கழித்து ஒருமுறையும், சம்மதிப்பவர்களின் மூன்று மாத சராசரிச் சர்க்கரையைப் பார்த்து, இரண்டு எண்களையும் குடியிருப்பின் பெயரோடு சேர்த்து சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.